பகையாளிக்கு அரைத்த மாவு

வளைவுச் சாலையில் மாவு மில் நடத்திவந்தவளை ஊரே மில்லுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. குட்டை உருவம், கணீர்க் குரல். மில் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதில், மில் ஓடாத நேரத்திலும் அவளுக்கு மெல்லப் பேச வராது. ஆலயத்தில் பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் சொன்னாலும் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும் போதகர் நிமிர்ந்து பார்ப்பார். மதியத்துக்குள் மாவு படிந்து புருவமெல்லாம் நரைத்துவிடும். சாயங்காலம் முகம் கழுவியதும் மறுபடி வயது குறைந்துவிடும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கையில் காசில்லாமல் தானியம் கொண்டுவருகிறவர்களை அவள் திருப்பி அனுப்பியதில்லை. "அப்புறம் பாத்துக்கலாம், பையக் கொடு" என்பாள். அந்த அப்புறம் பெரும்பாலும் வராது. அவளும் அதைத் தேடிக்கொண்டு போகமாட்டாள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அவள் புருஷன் செத்துப்போனான். சைக்கிளில் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவனை, மில்லுக்குக் கூப்பிடு தூரத்தில், அந்த வளைவிலேயே ஒரு லாரி அடித்துப்போட்டது. டிரைவர் ஓடிவிட்டான். பிறகு வேறொரு ஊரில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனான். குடித்திருந்தான் என்று வழக்கில் நிரூபணமானது. அடிபட்ட நொடியிலேயே உயிர் போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஒரு ஆறுதலைத்தான் அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கெட்ட காலத்தில் அவளைத் தூக்கி நிறுத்தியது கொழுந்தன். புருஷனின் ஒரே தம்பி. சாலைக்கு எதிர்ப்பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். பாதி நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து மில்லை ஓட்டினான். தேய்ந்த அரைகல்லைக் கொத்தவும் பெல்ட் மாட்டவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். பிள்ளையை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டான். அண்ணன் சாவைப் பற்றி மட்டும் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வளைவில் ரத்தம் கிடந்த இடத்தின் மேல் அவன் கால் வைக்கமாட்டான், சுற்றிக்கொண்டுதான் போவான்.

மில்லுக்காரம்மாவுக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சபை முழுதும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வரும் இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள். மற்ற யாராவது என்றால் தெரியாது. அவள் குரல் அப்படிப்பட்டது; அது நின்றால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். போதகருக்குத் தெரியும். ஆனால் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மகள் வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஒருத்தன் சின்னத் துணிப்பையோடு மில் வாசலில் வந்து நின்றான். முன்தலை வழுக்கை, துருத்திய தோள்பட்டை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. வழக்கு நடந்த நாளெல்லாம் பார்த்த முகம். அவள் கை சுவிட்சின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியுது. பையக் கொடுங்க."

அவனுடைய கோதுமையைக் கொட்டி அரைத்தாள். துணிக் குழாய் வழியே சூடாக இறங்கிய மாவைப் பையில் பிடித்துக் கட்டி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு போனான். அவள் மில்லைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், பின்கட்டுக் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

மறுநாளிலிருந்து மாவு அரைக்க வந்தவர்கள் எல்லார் வாயிலும் அவன் பேச்சுத்தான். தண்டனை முடிந்து வந்துவிட்டானாம். அம்மாக்காரி செத்து வீடு இடிந்து கிடக்கிறதாம். ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் லாரி எடைமேடையின் காவல் அறையில் படுத்துக்கொள்கிறானாம். யாரும் வேலை கொடுப்பதில்லை. ஊரிலிருக்கும் இன்னொரு பெரிய மில்லில் அவன் தானியத்தை அரைக்க வாங்கக்கூட இல்லை. அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறான் என்று ஒருத்தி சொன்னபோது, நல்லா வேணும் என்று மற்றவள் சொன்னாள். மில்லுக்காரம்மாவுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அந்த ஞாயிறு ஆலயத்தில் வாசித்தது, பகைவரை நேசிக்கச் சொல்லும் சுவிசேஷப் பகுதி. எத்தனையோ தடவை கேட்டதுதான். அதெல்லாம் எங்கோ இருக்கிறவர்களுக்குச் சொன்னது என்று இருந்துவிட்டாள். இப்போது பகையாளிக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு துணிப்பை இருந்தது, பசி இருந்தது. காதில் விழாததுபோல் எழுந்து வர முடியவில்லை.

போதகரைப் போய்ப் பார்த்தாள். மில்லில் மூட்டை தூக்க ஆள் இல்லை, அவனைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். போதகர், மனதார மன்னித்து அவனுக்காக ஜெபித்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தார். சாப்பிட ஏதாவது கொடுத்தனுப்பலாம், சபையிலேயே ஏற்பாடு செய்யலாம் என்றார்.

"ஊரே அவர வாசலோட அனுப்புது ஐயா. நானும் வாசலோட அனுப்பினா அது எப்படி மன்னிப்பு?"

"உன் கொழுந்தன நெனச்சுப் பாத்தியாம்மா?"

"தம்பி நல்லவர் ஐயா. புரிஞ்சுக்குவார்."

"நல்லவர்தான்" என்றார் போதகர். "அண்ணன் மேல உசுரையே வெச்சிருந்தவர், அதனாலதான் பயமா இருக்கு."

அந்தப் பேச்சை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பிற்பகலே எடைமேடைக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டாள். அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. எதுக்கு என்று கேட்டான். மூட்டை தூக்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் வந்து நின்றான்.

கொழுந்தன் அன்று வழக்கம்போல மில் மோட்டாரைப் பார்க்கச் சாலையைத் தாண்டி வந்தவன், மூட்டையோடு குனிந்து நிற்கிறவன் யாரென்று முதலில் கவனிக்கவில்லை. நிமிர்ந்ததும் தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. அவளைப் பின்பக்கம் கூப்பிட்டுப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அண்ணி, இவன் எங்கண்ணனக் கொன்னவன்."

"ஆமா தம்பி."

"உங்க மன்னிப்பு உங்களோடது. கொடுங்க, வேணாங்கல. ஆனா எங்கண்ணன எடுத்து நீங்களா தானம் பண்ண முடியுமா? எனக்கும் அவர் அண்ணன்தானே. ஒரு வார்த்தை என்னக் கேட்டீங்களா?"

கேட்டிருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான், அதனால்தான் கேட்காமல் விட்டோமோ என்றும் தோன்றியது. கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு மில் பக்கம் வரவில்லை.

வராமல் இருந்ததோடு நின்றிருந்தால் தேவலை. டிரைவர் மூட்டை இறக்க வெளியே வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் வெல்டிங் சத்தம் நின்றுவிடும். கொழுந்தன் முகமூடியைக் கழற்றாமலே மில்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் எங்கே இருக்கிறது என்று தெரியாது. டிரைவர் உள்ளே போனதும் மறுபடி பொறி பறக்கும். மாவு அரைக்க வருகிறவர்கள் முன்னெல்லாம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவார்கள். இப்போது பையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்து, வாங்கியதும் நடையைக் கட்டினார்கள். மகள் அம்மாவோடு சேர்ந்து சாப்பிடுவதை விட்டாள். சித்தப்பா முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது என்றாள்.

ஒரு காலை டிரைவர் மில்லைப் பெருக்கிக்கொண்டிருந்தவன் அவளைக் கூப்பிட்டான். பெரிய சக்கரத்தில் ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பாதி அகலத்துக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது. தேய்ந்து கிழிந்ததில்லை, கத்தி போட்ட வெட்டு, நூல் பிடித்ததுபோல் நேராக. மில் வேகமெடுத்த பிறகு அது அறுந்தால், மேல்வாயில் தானியம் கொட்டிக்கொண்டு நிற்கிறவனைச் சாட்டைபோல் சுழற்றி அடிக்கும். கொட்டுகிறவன் டிரைவர்தான். பின்கதவின் இன்னொரு சாவி கொழுந்தனிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். அவளே கொடுத்தது.

இருவரும் சேர்ந்து புது பெல்ட் மாட்டினார்கள். அது முடிந்ததும் டிரைவர், தான் போய்விடுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். அவன் மூட்டையின் மேல் உட்கார்ந்தான். அவள் முன்னால் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அப்படின்னா ஒண்ணு சொல்லணும். கோர்ட்ல சொல்லாதது" என்றான். "உங்க வீட்டுக்காரர் உடனே சாகல. நான் இறங்கிப் பாத்தேன். கண்ணு திறந்திருந்துச்சு. தண்ணி கேட்டார். வண்டில தண்ணி இருந்துச்சு. நான் ஓடிட்டேன்."

அவள் போய் மில்லைப் போட்டாள். அரைக்க ஒன்றும் இல்லாமலே கல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போனவள் மகளிடம் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அப்படி ஒன்றைத் தனியாக வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. மகள் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

டிரைவரை அவள் போகச் சொல்லவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்தினாள். உள்ளே இருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி வீட்டில் வைத்துவிட்டாள். தெரிந்தேதான் செய்தாள். தாகத்தில் தவித்தவனை விட்டுவிட்டு ஓடினவனுக்கு நான் ஏன் ஊற்ற வேண்டும் என்று மனம் குமுறியது. அவன் காலையில் வருவான், மூட்டை தூக்குவான், எதையும் கேட்காமல் போவான். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் அவளுக்கு வார்த்தை வரவில்லை. எந்த முகத்தோடு ஆண்டவரிடம் கேட்பது என்ற கூச்சத்தால்கூட இல்லை. அவர்மேலேயே கோபம்தான் வந்தது. மன்னிக்கச் சொன்னீர், மன்னித்தேன். அதற்கப்புறம் இதையும் ஏன் கேட்க வைத்தீர் என்று அழுதாள்.

ஒரு வெயில் நாளில், மூட்டை இறக்கிக் களைத்தவன் தெருக்குழாயைத் திறந்து பார்த்தான். அதில் காற்றுத்தான் வந்தது. மூடிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து மூட்டையைப் பிடித்தான். எதிரே கொழுந்தனும் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மில்லுக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் இல்லாமல் ஒருத்தன் தவிக்கிறான். சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான். எழுந்து வீட்டுக்குப் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அன்பினால் கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. கொடுத்தாள், அவ்வளவுதான்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"உங்க சோத்தத் தின்னுட்டு மறைக்க முடியலம்மா."

அவள் மறுபடி சாப்பாடு கொண்டுவரத் தொடங்கினாள். இதற்குள் மகள் தான் கேட்டதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லியிருந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புத்தி சொல்ல வேறு யாரும் இல்லை என்று நினைத்தாள்.

அது நடந்தது பட்டப்பகலில். மில் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துணிக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் மேல்வாயருகே நின்றான். எதிர்ப்பக்கம் வெல்டிங் சத்தம் நின்றிருந்ததை அந்த இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். கொழுந்தன் இரும்புக் குழாயோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். ரத்தம் கிடந்த அந்த இடத்தைச் சுற்றாமல் அதன் மேலேயே நேராக வந்திருந்தான். அவள் கத்தினாள். அத்தனை பெரிய குரல், அன்று அவளுக்கே கேட்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தான். கையைத் தூக்கித் தடுத்திருக்கலாம், தூக்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தலையோரத்தில். அவள் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். கல் மெல்ல மெல்ல நின்றது. அந்த அமைதியில் கொழுந்தன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. குழாய் இன்னும் ஓங்கியபடி இருந்தது. அவள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"விலகுங்க அண்ணி."

"மாட்டேன்."

"தண்ணி கேட்டாராம் அண்ணி. எங்கண்ணன் தண்ணி கேட்டாராம்."

"தெரியும் தம்பி. எனக்கும் தெரியும்."

கொழுந்தன் குழாயைக் கீழே போட்டான். தரையெல்லாம் மாவு, அதில் ரத்தம். அவன் அதைப் பார்த்தபடி, சின்னப் பிள்ளைபோல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

டிரைவர் பிழைத்துக்கொண்டான். இடது கை மட்டும் தோளுக்கு மேல் எழும்பாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, அடுக்கிய மூட்டை சரிந்து விழுந்தது என்று சொன்னான். உறவுக்காரர்கள் எல்லாரும் மில்லுக்காரம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அடிபட்டவனே இல்லை என்கிறான், நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு என்றார்கள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சித்தப்பாவ நீயே காட்டிக்கொடுப்பியாம்மா? அவனையே மன்னிச்ச. இவர மன்னிக்க மாட்டியா?"

"மன்னிச்சுட்டேன். அதுக்காகப் பொய் சொல்ல முடியாது. பெல்ட்டுல வெட்டப் பாத்தப்பவே நான் வாயத் திறந்து கேட்டிருக்கணும். மூடி மறைச்சேன். அதான் குழாய் வரைக்கும் வந்துச்சு."

நடந்ததை அப்படியே சொன்னாள். பெல்ட்டையும் சொன்னாள். கொழுந்தன் ஜெயிலுக்குப் போனான்.

அதற்கப்புறம் ஊரில் அவளுக்கு ஆதரவு என்று ஒருத்தரும் இல்லை. கொலைகாரனுக்குச் சோறு போட்டாள் என்று ஒரு கூட்டம், சொந்தக் கொழுந்தனை உள்ளே தள்ளினாள் என்று இன்னொரு கூட்டம். பல நாள் மில் சும்மாவே கிடந்தது. யாரோ வாசலில் சாணியை அள்ளி வீசிவிட்டுப் போனார்கள். போதகர் மட்டும் வீட்டிலிருந்து கோதுமையைச் சுமந்துகொண்டு வருவார். அத்தனை கோதுமை அவர் வீட்டுக்குத் தேவைப்படாது என்று அவளுக்குத் தெரியும்.

ஜெயிலில் பார்க்க விடும் நாளெல்லாம் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். கொழுந்தன் பார்க்க வரவே இல்லை. காவலர் பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பிக் கொடுப்பார். கொழுந்தனின் மனைவி, அவளுக்கு ஓரகத்தி; அவள் வீட்டுக்கு மாவு கொண்டுபோய்ப் பின்வாசலில் வைத்தாள். ஓரகத்தி அவள் கண்முன்னாலேயே அதைச் சாக்கடையில் கொட்டினாள். அடுத்த வாரமும் வைத்தாள். அதையும் கொட்டினாள். அதற்கடுத்த வாரம் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், திரும்பி வந்து, "உங்களுக்குக் கோபமே வராதாக்கா?" என்று கேட்டாள்.

"வருது. இங்க வர்ற வழியெல்லாம் வந்துட்டுதான் இருக்கு."

ஓரகத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் மாவு சாக்கடைக்குப் போகவில்லை.

வெகு காலம் கழித்து ஒரு நாள் கொழுந்தன் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நான் வெளிய வந்தா எனக்கும் மில்லுல வேலை உண்டா அண்ணி?" குரலில் குத்தல் இருந்தது.

"உண்டு."

"அவனும் இருப்பானா?"

"இருப்பார்."

"பயமில்ல?"

"இருக்கு" என்றாள். "உங்களுக்காகவும் இருக்கு, அவருக்காகவும் இருக்கு."

அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவள் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். இரண்டு பேரும் அன்று சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மகள், நான்தான் சித்தப்பாகிட்டச் சொன்னேன் என்றாள். தெரியும் என்றாள் அம்மா.

கொழுந்தன் விடுதலையாகும் நாள் நெருங்க நெருங்க டிரைவரைப் போகச் சொல்லி ஊரே நச்சரித்தது. மில்லுக்காரம்மாவும் ஒரு தடவை, வேண்டுமானால் வேறு ஊரில் இடம் பார்த்துத் தருகிறேன் என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு, ஒற்றைக் கையால் மூட்டையை இழுத்துக்கொண்டு போனான். விடுதலை அன்று அவளும் ஓரகத்தியும் ஜெயில் வாசலுக்குப் போனார்கள். மூன்று பேரும் திரும்பி மில்லை நெருங்கியபோது டிரைவர் வாசலில் நின்றிருந்தான். மறைந்துகொள்ளவில்லை. கொழுந்தன் நின்றான். எழும்பாமல் தொங்கிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஓரகத்தி புருஷனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் சாலையைத் தாண்டிப் பட்டறைக் கதவைத் தூக்கினான்.

இப்போதும் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகத்தான் வேலை செய்கிறார்கள். இதுவரை ஒருவரோடொருவர் பேசியதில்லை. ஓரகத்தி வீட்டுத் தானியம் மில்லுக்கு வருகிறது. டிரைவர்தான் வாங்கி வைக்கிறான். மில்லுக்காரம்மா இருவருக்கும் தினம் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். கொழுந்தன் சில நாள் சாப்பிடுகிறான், சில நாள் அப்படியே திருப்பி அனுப்புகிறான். எதிர்ப்பக்கம் வெல்டிங் சத்தம் சட்டென்று நின்றால் அவள் செய்யும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்க்கிறாள். பெரும்பாலும் கொழுந்தன் அடுத்த கம்பியை எடுக்கத்தான் குனிந்திருப்பான். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போகிறாள்.